களம் இரண்டு கண்ட ஹெட்லி வெரிட்டி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் முதன்முதலாக டெஸ்ட் போட்டி நடந்தது 1934ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில். இந்திய அணிக்கு சி.கே. நாயுடு தலைவர், இங்கிலாந்து அணிக்கு டக்ளஸ் ஜார்டின் தலைவர். அப்போட்டியைப் பற்றிப் பேசுகிற நம்மவர்கள், அமர்சிங் 86 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்ததைப் பெருமையோடு சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே ஆட்டத்தில் எதிரணியின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர், முதல் இன்னிங்ஸில் 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளும் இரண்டாவது இன்னிங்ஸில் 104 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளும் எடுத்தார். இந்தியா 202 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. நம்மைத் தோற்கடித்த அந்த மனிதரின் பெயர் ஹெட்லி வெரிட்டி. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரில், இராணுவக் கேப்டனாகக் குண்டடி பட்டு, எதிரிகளின் கையில் போர்க்கைதியாக இறந்தார். அப்போது அவருக்கு வயது 38.

இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ளது யார்க்‌ஷயர் மாவட்டம். அக்காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களும் கம்பளி ஆலைகளும் நிறைந்திருந்த உழைப்பாளிகளின் பூமி. கிரிக்கெட் விஷயத்தில் அம்மாவட்டத்தாரின் பிடிவாதம் உலகறிந்தது. 1992 வரை அந்த மண்ணில் பிறந்தவரைத்தான் பெரும்பாலும் தங்கள் அணியில் சேர்த்தார்கள். வெளியூர்க்காரர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் சரி! அந்த மாவட்டத்தின் லீட்ஸ் நகரில், ஹெடிங்லி மைதானத்துக்கு அருகிலேயே, 1905ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் வெரிட்டி பிறந்தார். தந்தை நிலக்கரித் தொழிலில் வேலை பார்த்து, பின்னர் சொந்தமாக நிலக்கரி வியாபாரம் தொடங்கியவர். மகன் 14 வயதில் பள்ளியை விட்டு அந்த வியாபாரத்தில் சேர்ந்துகொண்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தந்தை விறகுக்கடையில் எடை போடுகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு நிலக்கரி வியாபாரியின் மகன் தன் தந்தையிடம் போய், கடையை விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்று சொல்வது எத்தனை கடினமான காரியம் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. வெரிட்டி அதைச் சொன்னார். தந்தையும் தடுக்கவில்லை. அவர் மட்டும் அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ஆனால் கதவு உடனே திறந்துவிடவில்லை. உள்ளூர்ச் சங்கங்களில் ஆடினார். பக்கத்து மாவட்டமான லங்காஷயரில் வார இறுதி லீக் ஆட்டங்களுக்குக் கூலிக்கு ஆடப் போனார். 1927இல் அக்ரிங்டன் சங்கத்தில் அவருக்குப் பெரிய பெயர் கிடைக்கவில்லை. வார்விக்‌ஷயர் மாவட்ட அணியினர் அவரைச் சோதித்துப் பார்த்து, வேண்டாம் என்று அனுப்பிவிட்டனர். அப்போது அவர் வீசியது மிதவேகப் பந்து. அப்படி வீசுவோர் ஊருக்கு ஊர் இருந்தனர்.

வழி காட்டியவர் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற பழைய ஆட்டக்காரர். யார்க்‌ஷயர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தவர் அவர். மெதுவாக வீசு, பந்தைச் சுழற்று என்றார் அவர். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. அணியில் அப்போது இடக்கைச் சுழற்பந்து வீசிக்கொண்டிருந்தவர் வில்பிரட் ரோட்ஸ். 1898 முதல் ஆடி வந்தவர். 4,000க்கும் அதிகமான விக்கெட்டுகள் எடுத்து எவரும் எட்ட முடியாத உயரத்தில் நின்றவர். அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. அவருடைய இடம் ஒருநாள் காலியாகியே தீரும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், இதுவரை கற்றதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு புதிய கலையை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது என்றால் சாமானியமா? அதுவும் 1929இல் திருமணமும் முடித்துக்கொண்டவர் அவர். என் கருத்தில், பின்னாளில் அவர் செய்த சாதனைகள் எல்லாவற்றையும்விட இதுவே பெரியது.

1930இல் ரோட்ஸ் ஓய்வு பெறும் ஆண்டில் வெரிட்டி யார்க்‌ஷயர் அணியில் கால் வைத்தார். அந்தப் பருவத்திலேயே 64 விக்கெட்டுகள். மறு ஆண்டு மே 18, அவருடைய 26ஆவது பிறந்த நாள். ஹெடிங்லியில் ஆட்டம். 36 ஓட்டங்கள் கொடுத்து, ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் அவரே எடுத்தார். எதிரணி எது தெரியுமா? வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே வார்விக்‌ஷயர்!

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1932 ஜூலை 12, மீண்டும் ஹெடிங்லி. எதிரே நாட்டிங்காம்ஷயர். அக்காலத்தில் ஆடுகளத்தை மழைக்கு மூடிவைக்கும் வழக்கம் இல்லை. மழையில் நனைந்த களம் வெயிலில் காயும்போது மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் தங்கியிருக்கும். சுழலும் பந்து அதில் விழுந்தால் மண்ணைக் கவ்விக்கொள்ளும். உராய்வு கூடுவதால் திரும்புவதும் எழும்புவதும் திடீரென அதிகமாகும். நம் இயந்திரவியல் பாடத்தில் வருகிற உராய்வுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. வெரிட்டி நல்ல உயரம். மற்றச் சுழற்பந்து வீச்சாளர்களைவிடச் சற்று வேகமாகவும் வீசுவார். இத்தகைய களத்தில் அவரைச் சமாளிப்பது யாராலும் ஆகாத காரியம்.

அன்று மதிய உணவு வேளையில் நாட்டிங்காம்ஷயர் விக்கெட் இழப்பின்றி 38. உணவுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் 67 ஓட்டங்களுக்குச் சுருண்டார்கள். வெரிட்டியின் கணக்கு: 19.4 ஓவர், 16 மெய்டன், 10 ஓட்டங்கள், 10 விக்கெட்டுகள். இடையில் ஒரு ஹாட்ரிக். கடைசி ஏழு விக்கெட்டுகள் பதினைந்தே பந்துகளில், 3 ஓட்டங்களுக்கு விழுந்தன. முதல்தர ஆட்டத்தில் இவ்வளவு குறைந்த ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகளையும் எடுத்தவர் அவருக்கு முன்னும் இல்லை, இன்றுவரை பின்னும் இல்லை. மீதி வேலையை ஹோம்ஸும் சட்கிளிஃபும் முடித்தார்கள். விக்கெட் இழப்பின்றி 139 எடுத்து யார்க்‌ஷயர் வென்றது.

இவையெல்லாம் களம் கொடுத்த விக்கெட்டுகள்தானே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஈரக் களத்தில் மற்றவர்களும் வீசினார்கள். அவர்களுக்கு இது வாய்க்கவில்லை. பந்து எங்கே விழ வேண்டும் என்று நினைத்தாரோ அங்கேயே மணிக்கணக்கில் போட அவரால் முடிந்தது. அந்த ஒழுங்கைக் கற்ற விதமும் சுவையானது. அணியின் மூத்த ஆட்டக்காரர் எம்மட் ராபின்சன், இரவில் விடுதி அறையில் வெரிட்டியையும் வேகப்பந்து வீச்சாளர் பில் போவ்ஸையும் உட்காரவைத்து, படுக்கை விரிப்பை மைதானமாக்கி, பல் துலக்கும் பிரஷ், சவரப் பிரஷ் முதலியவற்றை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, பகலில் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாராம். அந்த அறையில் பிறந்த நட்பு, வெரிட்டிக்கும் போவ்ஸுக்கும் இடையே கடைசிவரை நீடித்தது.

1932-33இல் ஆஸ்திரேலியப் பயணம். உடலைக் குறிவைத்து வேகப்பந்து வீசியதால் இரு நாடுகளின் உறவே ஆட்டம் கண்ட பயணம் அது. அந்தத் திட்டத்தை வகுத்த ஜார்டினை உலகம் பழித்தது. வெரிட்டியோ தம் தலைவரை மிகவும் மதித்தார். மூத்த மகனுக்கு ரோட்ஸின் நினைவாக வில்பிரட் என்று பெயரிட்டவர், இளைய மகனுக்கு ஜார்டினின் பெயரான டக்ளஸை வைத்தார். இதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னைப் போட்டியிலும் கிளார்க் வீசிய பந்து தலையில் பட்டு நம் நவுமல் ஜூமல் களத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆனாலும் தம்மை நம்பியவரிடம் விசுவாசமாக இருப்பது வெரிட்டியின் இயல்பு என்பதை இது காட்டுகிறது.

1934 ஜூன் 25, இலண்டன் லார்ட்ஸ் மைதானம். ஞாயிறன்று பெய்த மழை இவருக்காகவே பெய்தது போலும். திங்களன்று ஒரே நாளில் ஆஸ்திரேலியரின் 14 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அந்த ஆட்டத்தில் மொத்தம் 104 ஓட்டங்களுக்கு 15. மாபெரும் பிராட்மன் இரண்டு இன்னிங்ஸிலும் இவருக்கே பலியானார். இரண்டாவது முறை பொறுமையிழந்து பந்தை வானத்தில் தூக்கி அடித்துவிட்டு, விக்கெட் காப்பாளர் ஏம்ஸின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இதற்குப் பிறகு லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வெல்ல இங்கிலாந்துக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டெஸ்ட் ஆட்டங்களில் பிராட்மனை எட்டு முறை வீழ்த்தினார் வெரிட்டி. வேறு எவரும் அத்தனை முறை வீழ்த்தியதில்லை.

அடி வாங்காதவரா? வாங்கினார். 1935இல் ஷெஃபீல்டில் தென்னாப்பிரிக்காவின் கேமரன் இவருடைய ஒரே ஓவரில் மூன்று பவுண்டரியும் மூன்று சிக்ஸருமாக 30 ஓட்டங்கள் விளாசினார். விக்கெட் காப்பாளர் ஆர்தர் உட், வெரிட்டியிடம் வந்து ஆறுதல் சொன்னாராம்: ஆட்டக்காரர் குழம்பிப்போயிருக்கிறார், நான்கு அடிப்பதா ஆறு அடிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை என்று! அந்தப் பருவத்திலும் வெரிட்டி 200 விக்கெட்டுகளைத் தாண்டினார். அடுத்த இரண்டு பருவங்களிலும் அப்படியே.

1938இல் ஓவல் மைதானத்தில் லென் ஹட்டன் ஆஸ்திரேலியருக்கு எதிராக 364 ஓட்டங்கள் குவித்தார். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் மட்டை பிடித்த அந்த 22 வயது இளைஞருக்கு இடைவேளைகளில் பக்கத்துணையாக உட்கார்ந்து, மனம் சிதறாமல் பார்த்துக்கொண்டவர் வெரிட்டி. நடுவில் வந்த ஞாயிறு ஓய்வு நாளில் அவரைக் கடற்கரை ஊருக்கு அழைத்துப்போய்ப் பொழுதைப் போக்கவைத்தவரும் வெரிட்டிதான். சாதனைப் பட்டியலில் இந்தத் துணைக்கு ஒரு வரி கிடையாது. ஹட்டன் மட்டும் மறக்கவில்லை.

அதே ஆண்டு ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்தது. இட்லர் செக்கோஸ்லோவாகியாவை மிரட்டிக்கொண்டிருந்தார். வெரிட்டி தமக்குத் தெரிந்த இராணுவக் கர்னல் ஒருவரிடம் சென்றார். போர் வந்தால் நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். கர்னல் போர்முறை பற்றிய நூல்களைக் கொடுத்தார். அவற்றை அந்தக் குளிர்காலத்துத் தென்னாப்பிரிக்கப் பயணத்தில் வெரிட்டி படித்தார். அப்பயணத்தின் கடைசி டெஸ்ட், டர்பனில், 1939 மார்ச்சில் நடந்தது. நாள் வரையறை இல்லாத ஆட்டம் அது. பத்து நாள் நீடித்து, கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று முடிவில்லாமல் கைவிடப்பட்டது. வெரிட்டி அதில் வீசிய பந்துகள் 766. வீசிக் களைத்த நாட்களுக்கு இடையே போர் நூல் படித்த மனிதரை நினைத்துப் பாருங்கள். தேர்வுக்கு முந்தின இரவில் மட்டும் புத்தகம் திறக்கிற நம்மில் பலருக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இது உறைக்க வேண்டும்.

1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் புகுந்த அதே நாள். தென் கடற்கரையில் உள்ள ஹோவ் நகரில் சஸக்ஸ் அணியோடு யார்க்‌ஷயர் ஆடிக்கொண்டிருந்தது. ஆட மனமில்லாமலேதான் எல்லோரும் ஆடினார்கள். வெரிட்டி ஆறு ஓவர்கள் வீசினார். 9 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். சஸக்ஸ் 33க்கு முடிந்தது. அணியினர் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். மூன்றாம் தேதி போர் அறிவிக்கப்பட்டது. அவர் வீசிய கடைசி முதல்தர ஆட்டம் அதுதான். 40 டெஸ்ட்களில் 144 விக்கெட்டுகள். முதல்தர ஆட்டங்கள் அனைத்திலும் 1,956 விக்கெட்டுகள், விக்கெட்டுக்குச் சராசரி 14.90 ஓட்டம். பத்துப் பருவங்களில் ஏழு முறை யார்க்‌ஷயர் சாம்பியன். அப்போது வயது 34. ரோட்ஸைப் போல ஆடியிருந்தால் இன்னும் பல ஆண்டுகள் மிச்சம் இருந்தன.

பேர்பெற்ற விளையாட்டு வீரர்கள் பலருக்கு இராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை கிடைத்தது. ஹட்டனும் அப்படித்தான் போனார். வெரிட்டி, யார்க்‌ஷயரைச் சேர்ந்த கிரீன் ஹோவார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, சண்டை போடும் அதிகாரியானார். மனைவியையும் இரு சிறுவர்களையும் விட்டுவிட்டுப் போனார். புகழ் தேடிப் போனவராகத் தெரியவில்லை. புகழ் ஏற்கெனவே நிறைய இருந்தது. வேலை ஒன்று காத்திருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்று நினைத்ததாகவே எனக்குப் படுகிறது.

1942இல் அவருடைய பட்டாலியன் இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் பந்து வீசிய கை, இம்முறை ராஞ்சியில் துப்பாக்கி பிடித்தது. அங்கே கடுமையான சீதபேதி அவரை வாட்டியது. அந்த ஆண்டு நமக்கு எந்த ஆண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் 8ஆம் நாள் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காந்தியடிகள் சிறையில். அந்த ஆட்சியின் சீருடை அணிந்தவரை நாம் போற்றலாமா? இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது என் அறை நண்பர் கேட்ட கேள்வி இது. நம்மை அடிமையாய் வைத்திருந்த அரசை நான் மன்னிக்கவில்லை. இந்தியருக்குச் சுதந்திரம் மறுத்துக்கொண்டே ஐரோப்பாவின் சுதந்திரத்துக்குப் போராடிய முரண்பாடும் பொய்யில்லை. எனினும் இட்லரின் படையை யாராவது எதிர்த்து நின்றே ஆகவேண்டியிருந்தது. அதற்கு இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட இந்தியரும் சீருடை அணிந்தனர், அவர்களில் பலர் இதே இத்தாலி மண்ணில் புதைந்திருக்கிறார்கள். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே இவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நண்பருக்கு என் பதில் முழுத் திருப்தி தரவில்லை. எனக்கும் அப்படித்தான்.

பட்டாலியன் இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக மேற்கே சென்றது. 1943 ஜூலை 10இல் நேச நாடுகள் சிசிலித் தீவில் தரையிறங்கின. ஜூலை 19 இரவு, கட்டானியா சமவெளியில் ஜெர்மானியரைத் தாக்கும் பொறுப்பு வெரிட்டியின் கம்பெனிக்கு வந்தது. ஆளுயரக் கதிர்கள் நின்ற தானிய வயல் வழியாக இருட்டில் முன்னேறினார்கள். எதிரிகள் கண்டுகொண்டார்கள். குண்டுகள் பாய்ந்தன, கதிர்கள் தீப்பற்றி எரிந்தன. அந்த வெளிச்சத்தில் ஒளிய இடமில்லை. எதிரே ஒரு பண்ணை வீட்டிலிருந்து வந்த சுடுதலை அடக்க முயலும்போது வெரிட்டியின் மார்பில் குண்டு பாய்ந்தது. விழுந்த பிறகும், நிற்காமல் முன்னேறுங்கள், அந்த வீட்டைப் பிடியுங்கள் என்றே தம் ஆட்களுக்கு உத்தரவிட்டார். தாக்குதல் பலிக்கவில்லை. பின்வாங்கியவர்கள் கடைசியாகப் பார்த்தபோது, எரியும் வயலின் நடுவே கேப்டன் கிடந்தார். அவருடைய பணியாள் மட்டும் தலையைத் தாங்கியபடி கூடவே இருந்தார். இருவரும் சிறைப்பட்டனர்.

ஜெர்மன் கள மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பிறகு கடல் கடந்து இத்தாலிக்குக் கொண்டுசென்று, நேப்பிள்ஸுக்கு அருகில் உள்ள கசெர்ட்டா நகர மருத்துவமனையில் சேர்த்தார்கள். விலா எலும்பின் பகுதி ஒன்று நுரையீரலை அழுத்திக்கொண்டிருந்தது. அதை அகற்ற மீண்டும் அறுவை. அதன்பின் இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஜூலை 31ஆம் நாள் உயிர் பிரிந்தது. இத்தாலியர்கள் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். ஊரிலோ அவர் காயமடைந்து காணாமற்போனார் என்ற செய்தி மட்டுமே இருந்தது. இறப்புச் செய்தி செப்டம்பர் 1ஆம் நாள்தான் வெளியாயிற்று. ஹோவ் மைதானத்தில் ஏழு விக்கெட் எடுத்து சரியாக நான்கு ஆண்டுகள்.

போவ்ஸும் பட்டாளத்தில் இருந்தார். 1942இல் தொப்ருக் வீழ்ந்தபோது பிடிபட்டு, மூன்றாண்டுகள் கைதியாய்க் கிடந்தார். மெலிந்து உருமாறி ஊர் திரும்பியவர், பின்னர் பத்திரிகையாளரானார்.

1954இல் இங்கிலாந்து அணி கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. தலைவர் லென் ஹட்டன். செய்தி எழுத உடன் சென்றவர் போவ்ஸ். கப்பல் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் சில மணி நேரம் நின்றது. யார்க்‌ஷயர்க்காரர்கள் இறங்கி, கசெர்ட்டா போர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றார்கள். ஒரே அளவில் வரிசை வரிசையாக நின்ற கற்களுக்கு இடையே வெரிட்டியின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, யார்க்‌ஷயரின் வெள்ளை ரோஜா பொறித்த டை ஒன்றை அதைச் சுற்றிக் கட்டினார்கள். பிறகு கப்பலுக்குத் திரும்பினார்கள்.